இருநூற்றுப் பதின்மூன்றாவது ஆள்

சுவா சூ காங்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

மரியாதைக்குரிய ரகுபதி அத்தான் அவர்களுக்கு,

அழகேசன் வணங்கி எழுதுவது. நானும் சுசீலாவும் நலமாக இருக்கிறோம். அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், தாங்கள் வழக்கம்போல் செண்பக விநாயகர் கோயிலுக்கு நடந்தே போய் வருகிறீர்கள் என்றும் நம்புகிறேன். அக்காவின் மூன்று தம்பிகளில் தங்களுக்கு அதிகத் தொல்லை கொடுத்தவன் நான்தான் என்பது எனக்கே தெரியும். ரயிலேறினால் ஒரு மணி நேரத்தில் காத்தோங் வந்துவிடக்கூடியவன், கையில் போன் வைத்திருப்பவன், எதற்காகத் தாளில் எழுதி ஸ்டாம்பு ஒட்டுகிறான் என்று தாங்கள் நினைக்கலாம். கம்ப்யூட்டர் வழியாகப் போகும் எதன் மேலும் எனக்கு இப்போது நம்பிக்கை இல்லை அத்தான். அந்தத் துறையில்தான் சம்பளம் வாங்குகிறேன் என்பது வேறு விஷயம்.

முதலில் முக்கியமான சங்கதி. டன்லப் ஸ்திரீட் மளிகைக்கடை துரைசாமியிடம் பேசி, கணக்கெழுதும் வேலையை இந்த மாதக் கடைசிவரை எனக்காக வைத்திருக்கச் சொல்லியிருந்தீர்கள். அது வேண்டாம் என்று தயவுசெய்து சொல்லிவிடுங்கள். என் ஐடி வேலை நிரந்தரமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. பழைய கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்த கணக்குப் பிரிவை ஒரே நாளில் மூடிவிட்டார்கள். நாற்பத்தொன்பது வயதில், பெற்ற பிள்ளை வயதுக்காரர்களோடு ஆறு மாதம் கோர்ஸ் படித்தேன். பாலர் பள்ளிச் சம்பளத்தில் சுசீலா ஒருத்தியாகக் குடும்பத்தை இழுத்தாள். இந்த மூன்று மாத ப்ரொபேஷனில் தேறாவிட்டால் அவள் முகத்தில் எப்படி முழிப்பது என்று நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும். தேறிவிட்டேன். ஆனால் தேறிய விதத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

வேலை சாங்கியில், ஒரு விமான சரக்குக் கம்பெனியில். என் மேலதிகாரி திவ்யதர்ஷினிக்கு வயது இருபத்தாறு. அங்கிள் என்று அன்பாகக் கூப்பிட்டுக்கொண்டே அதட்டுவாள். கம்பெனி கம்ப்யூட்டருக்குள் நுழைய அனுமதி உள்ளவர்களின் பட்டியலை, ஆள் கணக்குப் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரி செய்யவேண்டும், வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் முடித்தால்தான் நிரந்தரம் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஜாதகம் பார்க்கும்போதுகூட இரண்டு பக்கத்தையும் டிக் போட்டு ஒப்பிட்டவன் நான். ஆனால் கணக்கு உதைத்தது அத்தான். கம்பெனியில் என்னையும் சேர்த்து 212 பேர். கம்ப்யூட்டரில் 213. மூன்று தடவை கூட்டினேன், கீழேயிருந்து மேலாகவும் கூட்டினேன். கூடுதல் ஆள் யாரென்று பார்த்தால் மருதப்பன் என்று ஒருவர். காலை 8.12க்கு உள்ளே வருகிறார். பன்னிரண்டரையிலிருந்து ஒரு மணி நேரம் ஒன்றும் செய்வதில்லை, சாப்பாட்டு நேரம். ஐந்தரைக்கு வெளியேறுகிறார். நடுவில் மற்றவர்களுடைய லீவு விண்ணப்பங்களுக்கெல்லாம் ‘பார்த்தேன்’ என்று குறிப்பு எழுதி ஒப்புதல் கொடுக்கிறார்.

ஆள் சேர்க்கும் பிரிவில் இருக்கிற நஸீஹாவிடம் போய், இவர் எந்த மாடியில் இருக்கிறார் என்று கேட்டேன். அவள் வாயருகே கொண்டுபோன கோப்பியைக் கீழே வைத்துவிட்டாள். “அங்கிள், அவர் இறந்து ரெண்டு வருஷம் ஆச்சே. நாங்க எல்லாரும் மாலை வாங்கிட்டுப் போனோம் லா. உங்கள மாதிரியே அக்கவுண்ட்ஸ்ல இருந்து ஐடிக்கு வந்தவர். இந்த லிஸ்ட் ப்ரோக்ராமே அவர் எழுதினதுதான். டேலி ஆகாம வீட்டுக்குக் கிளம்பமாட்டார்.” எந்த சீட் என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. பதினாலாம் நம்பர் சீட். நான் உட்கார்ந்திருக்கிற சீட்.

திவ்யாவிடம் ஓடினேன். “அட, பழைய ப்ரோக்ராம் ஏதோ அவர் லாகின் ஐடில தானா ஓடுது அங்கிள். டிலீட் பண்ணிட்டுப் போங்க லா” என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்லிவிட்டாள். டிலீட்! அத்தான், என் வாழ்நாளில் ஒரு பதிவை நான் அழித்ததே கிடையாது. தப்பான பதிவை ரப்பர் வைத்து அழிக்கிறவன் கணக்கனே இல்லை, அதை அப்படியே விட்டுவிட்டு எதிர்ப்பதிவு போட்டு நேர் செய்யணும். அதைத்தான் செய்தேன். மருதப்பனுக்கு எதிராக இன்னொரு மருதப்பனைப் புதுசா உண்டாக்கினேன். அவருக்கு எதெல்லாம் அனுமதியோ அதெல்லாம் இவருக்குத் தடை. அவர் ஒப்புதல் கொடுத்தால் இவர் நிராகரிப்பார். ஒண்ணுக்கு ஒண்ணு நேராகிக் கழிஞ்சு போய்டும்னு நான் பாட்டுக்கு நிம்மதியா கேன்டீனுக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தா 214. அதோட நின்னுச்சா? நிதீஷ்னு ஒரு பையன் தன் கல்யாணத்துக்கு லீவு கேட்டிருந்தான். மத்தியானத்துக்குள்ள அவனுக்குப் பதினேழு தடவை லீவு கிடைச்சு, பதினேழு தடவை ரத்தாச்சு. “அங்கிள், எனக்குக் கல்யாணம் உண்டா இல்லையா?”ன்னு என் சீட் பக்கத்துலயே நின்னு கேட்டான்.

புதன்கிழமை காலை அந்தக் குறிப்பு எழுதுற இடத்துல ‘பார்த்தேன்’ இல்லை. ‘இது யார் போட்ட பதிவு?’ன்னு இருந்துச்சு. ஆடிட்டர் கேட்டா உடனே பதில் சொல்லியே பழகின கை அத்தான், யோசிக்காம ‘அழகேசன், கணக்குப் பிரிவு’ன்னு அடிச்சுட்டேன். நான் ஐடியில இருக்கிறதே அந்த நிமிஷம் மறந்துபோச்சு. உடனே பதில் வந்துச்சு. ‘எந்த வவுச்சரை வைத்து?’ யாரோ விளையாடுறாங்கன்னு திவ்யா சொன்னாள். நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டேன், வேற வழி? வியாழக்கிழமை 8.12க்கு நான் இன்னும் பையைக்கூடக் கீழே வைக்கலை, திரையில ஒரு வரி. ‘நாற்காலி இடது பக்கம் சாயும். பார்த்து உட்காருங்கள்.’ மூணு மாசமா இடது பக்கம்தான் அத்தான் சாயுது. அதை நான் சுசீலாகிட்டகூடச் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை கெடு. திவ்யாவுக்கு அன்னிக்கு லீவு, ஒப்புதல் கொடுத்ததும் மருதப்பன்தான். நாலு மணி வரைக்கும் பட்டியலையே பாத்துக்கிட்டு இருந்தேன். டிலீட் பட்டன் மேல விரலை வெச்சேன், அழுத்த முடியலை. சரி, முறைப்படி மனுப் போடுவோம்னு உட்கார்ந்தேன். மனுவுல அவர் பேரை எழுதவும் கை வரலை. செத்துப்போன மனுஷன், அதுவும் நம்ம தொழில்காரர், நம்மைப்போலவே இந்த வயசுல வந்து கத்துக்கிட்டவர். அவரை நீக்கச் சொல்லி நான் எழுதுறதான்னு ஒரு மாதிரி இருந்துச்சு. அதனால பேர் போடாம, ‘கூடுதலாக உள்ளவர்களை நீக்கி 212க்குக் கொண்டுவரவும்’னு மரியாதையா எழுதினேன். மனுப் போட்டவனே அதுக்கு ஒப்புதல் கொடுக்க முடியாது, அது எங்க கணக்குலயும் சட்டம், இங்கயும் சட்டம். திவ்யா இல்லாததால மனு நேரா மருதப்பன்கிட்டப் போச்சு. ஒரு நிமிஷம்கூட ஆகலை. ‘சரி செய்துவிட்டேன். நீங்கள் வீட்டுக்குப் போங்கள்’ என்று வந்தது. கூட்டிப் பார்த்தேன். 212!

ஐந்து மணி பத்து நிமிஷத்துக்கு வேலை நிரந்தரம் என்று போனில் கடிதம் வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது அத்தான். கண்ணில் பட்டது அந்த ஒரு வரிதான். அன்றைக்கே சுசீலாவை லிட்டில் இந்தியாவுக்குக் கூட்டிப்போய், மல்லிகைச் சரம் வாங்கிக் கொடுத்து, வயிறாரச் சாப்பிட்டோம். நேற்று வீரமாகாளியம்மன் கோயிலில் மருதப்பன் பெயருக்கு ஒரு அர்ச்சனையும் செய்தேன். நட்சத்திரம் தெரியாததால் என்னுடையதையே சொல்லிவிட்டேன். பெரிய மனுஷர், மரியாதையாக வழி விட்டுவிட்டார். இனி என்னைப் பற்றித் தாங்களும் அக்காவும் கவலைப்படவே வேண்டாம்.

அக்காவுக்கு என் அன்பையும், பேத்தி சிவானிக்கு என் ஆசிகளையும் தெரிவிக்கவும். தங்கள் வீட்டில் எல்லாக் காரியமும் குறைவின்றி நடக்கப் பிள்ளையார் துணையிருப்பார்.

என்றும் தங்கள் அன்புக்குக் கட்டுப்பட்ட,
அழகேசன்

பின்குறிப்பு: அத்தான், திங்கட்கிழமை காலை, கம்பெனி வாசலுக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வாசலில் என் நுழைவு அட்டையை வைத்தால் சிவப்பு விளக்கு எரிகிறது. தினமும் “சாப்பிட்டாச்சா அங்கிள்?” என்று கேட்கும் காவலர் ஸைஃப் இன்றைக்கு, “யாரைப் பாக்கணும் சார்?” என்று கேட்டார். கெஞ்சிக் கேட்டு, நஸீஹா அந்தப் பட்டியலை அச்சடித்துக் கொண்டுவந்து கம்பிக்கு வெளியே நீட்டினாள். யாரோ எவரோ என்பது போலத்தான் என்னைப் பார்த்தாள். நான் உண்டாக்கிய எதிர்ப்பதிவு அதில் இல்லை. நானும் இல்லை. மருதப்பன் இருக்கிறார், பதினாலாம் நம்பர் சீட், 8.12க்கு வந்துவிட்டார். 212 சரியாக இருக்கிறது. நிரந்தரக் கடிதத்தை இப்போதுதான் மேலேயிருந்து படித்தேன். ‘அன்புள்ள மருதப்பன்’ என்று ஆரம்பிக்கிறது. சுசீலாவுக்கு நாலு தடவை போன் செய்துவிட்டேன். வகுப்பில் இருப்பாள், அதனால்தான் எடுக்கவில்லை.

துரைசாமியிடம் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். ஆனால் கடைக்குப் போகுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். அக்காவுக்கு மொத்தம் எத்தனை தம்பிகள் என்று அவளையே கேளுங்கள். மூன்று என்று வரவேண்டும்.