எதிர்க்களத்தில் யாரும் இல்லை

மலைக்கும் கடலுக்கும் நடுவே தாழையாறு என்றொரு நாடு இருந்தது. கபடி பார்க்காத ஆள் அங்கே கிடையாது. ஆட்டம் முடிந்ததும் போனை எடுத்து, அரசின் விளையாட்டுப் பக்கத்தில் கருத்து எழுதாத ஆளும் கிடையாது. மலைச்சீமைக்கு ஓர் அணி, கடற்சீமைக்கு ஓர் அணி. மலை அணியின் தலைவர் மன்னரின் மருமகன்.

மலைச்சீமையில் கண்ணாடிக் கடை ஒன்றில் லென்ஸ் பொருத்தும் வேலை பார்த்தாள் சுகிர்தம். கடற்சீமையில் ஐஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார் இருளப்பன். இருவரும் நேரில் பார்த்ததில்லை. ஆறு வருடமாகக் கருத்துப் பகுதியில் வம்பிழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சண்டையைப் படிக்கவே ஒரு கூட்டம் வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மலை அணி ஏழாவது முறையாகத் தோற்றது. பாடிப்போன மருமகன் ஒருமுறைகூடத் திரும்பி வரவில்லை. சுகிர்தம் எழுதினாள்: "தொட்டுட்டு வாய்யான்னு அனுப்புனா, அங்கயே குடித்தனம் வச்சுட்டாரு."

உடனே இருளப்பன் பதில் போட்டார்: "கவலைப்படாதீங்க. சாப்பாடு போட்டுத்தான் அனுப்புவோம்."

நாடே சிரித்தது. அரண்மனை மட்டும் சிரிக்கவில்லை.

கருத்துத்துறை அமைச்சர் அம்பலவாணர் மன்னர் முன் வணங்கி நின்றார். "மன்னா, சிரிப்பைத் தடுத்தால் நம்மை வெறுப்பார்கள். தடுக்கும் பொறுப்பை அவர்களிடமே கொடுத்துவிடலாம்."

மறுநாள் ஆணை வந்தது. ஒவ்வொரு கருத்துக்கும் பக்கத்தில் புகார் பொத்தான் வைக்கப்பட்டது. எதிரணி ரசிகர் யார்மீது வேண்டுமானாலும் புகார் செய்யலாம். செய்தவர் பெயருக்குப் பக்கத்தில் தங்க நட்சத்திரம் மின்னும். புகாருக்கு ஆளானவரின் குடிமக்கள் எண் முடக்கப்படும். அந்த எண் இல்லாமல் கருத்து எழுத முடியாது, பேருந்தில் ஏற முடியாது, அரசு ஆஸ்பத்திரியில் மருந்தும் வாங்க முடியாது.

ஆரம்பத்தில் மக்களுக்கு அது இன்னொரு விளையாட்டாகத்தான் இருந்தது. ஒரு மாதத்தில் நாலாயிரம் பேர் முடங்கினார்கள். அடுத்த தோல்வியன்று இருளப்பன் கொஞ்சம் அதிகமாகவே கிண்டல் செய்ய, சுகிர்தம் ஆத்திரத்தில் பொத்தானை அழுத்தினாள். நட்சத்திரம் வந்தது. இரண்டு நாளில் அவர் எண் முடங்கி, பதில் வருவதும் நின்றுபோனது. அந்த வெற்றிடத்தைப் பார்க்க அவளுக்கு என்னவோபோல் இருந்தது. அன்றைக்கே அவளுடைய எண்ணும் முடங்கியது.

மேல்முறையீட்டு அலுவலகத்துக்கு ஏழு மைல் நடந்தே போனாள். வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவர் எழுத்தரிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்.

"ஐயா, என் எண்ணுலதான் என் சம்சாரத்துக்கு சுகர் ஊசி வாங்கணும். நாலு நாளாச்சு போட்டு."

"ஊசிக்கும் உமது கருத்துக்கும் தொடர்பில்லை. எண்ணுக்கும் ஊசிக்கும்தான் தொடர்பு."

"அப்ப அந்த எண்ணுக்கே ஊசி போட்டுருங்க ஐயா. அதுதானே முடங்கிக் கெடக்கு."

சுகிர்தத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. இப்படிப் பேசக்கூடியவர் நாட்டில் ஒருவர்தான். "அண்ணே, நீங்க இருளப்பன்தானே? நான் சுகிர்தம். உங்கமேல புகார் கொடுத்தது நான்தான்." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அவர் அவளை நிதானமாகப் பார்த்தார். "அழாதம்மா. உன்மேல புகார் கொடுத்ததும் நான்தான். அதே நாள், உனக்கு முன்னாடியே."

விஷயம் உள்ளே எட்டி, அமைச்சரே வெளியே வந்தார். "மிக நல்லது. மற்றவர் தேசத்துரோகி என்று உங்களில் யார் முதலில் எழுதித் தருகிறாரோ, அவருக்கு எண் உடனே திரும்பக் கிடைக்கும்."

எழுத்தர் நீட்டிய தாளுக்கு இருளப்பன் கை நீட்டிவிட்டு, பாதியில் இழுத்துக்கொண்டார். சுகிர்தம் அதைக் கவனித்தாள். "நீங்க எழுதுங்கண்ணே. அண்ணி ஊசிதான் முக்கியம்."

அவர் தாளை வாங்கினார். 'என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன்' என்று மட்டும் எழுதினார். அவளும் அதையே எழுதினாள்.

"எங்க சண்டை எங்களுக்குள்ள இருந்திருக்கணும்யா. உங்ககிட்ட கொடுத்ததுதான் தப்பு" என்றார் இருளப்பன்.

வரிசையில் நின்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் புகாரைத் திரும்பப் பெற வந்தவர்களின் வரிசை கடைத்தெருவரை நீண்டது. மலைக்காரரும் கடற்காரரும் தோளில் கைபோட்டுக்கொண்டு நின்றார்கள்.

மன்னர் வெகுநேரம் யோசித்துவிட்டு அறிவித்தார்: "மக்கள் ஒற்றுமையாகிவிட்டார்கள். இந்த மகிழ்ச்சியில் எல்லா எண்களும் விடுவிக்கப்படுகின்றன. இனி இரண்டு அணிகளும் தேவையில்லை. நாட்டுக்கு ஒரே அணி, ஒரே தலைவர்."

இருளப்பன் மனைவிக்கு ஊசி கிடைத்தது.

அடுத்த ஞாயிறு மருமகன் மூச்சுப்பிடித்துப் பாடிக்கொண்டு எதிர்க்களத்துக்குள் போனார். அங்கே ஒருவரும் இல்லை. கம்பீரமாகத் திரும்பி வந்தார். நாற்பது முறை போனார், நாற்பது முறையும் வந்தார். நடுவர் நாற்பது புள்ளி கொடுத்தார்.

கருத்துப் பகுதியில் 'அபாரம்', 'அருமை' என்று பாராட்டுகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே இருளப்பன் எழுதினார்: "நம்ம தலைவரைப் பிடிக்கிற ஆளே இப்ப இந்த நாட்டுல இல்ல."

அமைச்சர் அதைப் படித்துப் பூரித்துப்போய், பக்கத்தின் உச்சியில் ஏற்றிவைத்தார். சற்று நேரத்தில் அதன் கீழே சுகிர்தத்தின் பதில் வந்தது.

"எங்க சீமையிலயும் விசாரிச்சுட்டேண்ணே. ஒருத்தர்கூட இல்ல."