எங்கள் அல்பத்துக்கு வந்த சனம்

மட்டக்களப்பில் ஒருவன் தன்னைப் பாட்டுக்காரன் என்று சொல்லிக்கொண்டால், எதிரில் இருப்பவர் அடுத்ததாகக் கேட்பது ஒரே கேள்விதான். "வாவியில மீன் பாடுறத்த உங்கட பாட்டுக்குள்ள போட்டிரிக்கா?" (எங்கள் வாவியில் நிலாக் காலத்தில் மீன்கள் பாடும் என்பது ஊருக்கே உள்ள பெருமை.) பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இல்லை ஐயா, போடவில்லை. நாங்கள் போட்டது மாற்று ரொக் இசை. மாற்று என்றால் எதற்கு மாற்று என்று அப்பா கேட்டார். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "வேலைக்குப் போறதுக்கு மாற்று" என்று அவரே முடித்துவிட்டார். (அதைவிட நல்ல விளக்கத்தை நான் இன்றுவரை எங்கும் வாசிக்கவில்லை.)

நாங்கள் நாலு பேர். நான் வவுணதீவுக்காரன், பாடுவது என் பொறுப்பு. ஜனாவும் கிருபாவும் ஆளுக்கொரு கிற்றாரோடு இரண்டு பக்கமும் நிற்பார்கள். பின்னால் ட்ரம்ஸில் ஏறாவூர் றிபாஸ். உண்மையைச் சொன்னால், எங்களில் இசை தெரிந்தவன் றிபாஸ் ஒருவன்தான். மற்ற மூன்று பேரிடமும் நீளமான தலைமயிர் இருந்தது.

அந்த றிபாஸைத்தான் கட்டாருக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள். அவனுடைய அண்ணன், அவனைப் போல நாங்களும் காக்கா என்றே கூப்பிடுவோம், அங்கே ஒரு பெரிய களஞ்சியத்தில் மேற்பார்வையாளர். தம்பிக்கு வேலையும் பார்த்துவைத்துவிட்டு லீவில் வந்திருந்தார். றிபாஸ் கெஞ்சிக் கூத்தாடியதில் கொஞ்சம் இறங்கினார். "உங்கட அல்பம் வெளியிடுற அண்டைக்கு நானும் உம்மாவும் வாறம். மண்டபம் நிறைஞ்சா அவன் இஞ்சயே இரிக்கட்டும். நிறையல்லண்டா பயணம்தான்" என்றார். நியாயமான மனிதர். றிபாஸ் போனால் குழு கலைந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். குழு கலைந்தால் நான் வெறும் நெல் முதலாளியின் மகன். அந்த நாட்களில் எனக்கு அதைவிடப் பெரிய பயம் இருக்கவில்லை. "நீயும் அவனோட போயன் மனே" என்று அம்மா ஒருபக்கம் நச்சரித்துக்கொண்டிருந்தாள். நான் கலைஞன் என்பதால் அது காதில் விழவில்லை.

ஒலிப்பதிவை அப்பாவின் நெல் களஞ்சியத்தில் செய்தோம். நெல் மூட்டையைப் போலச் சத்தத்தைத் தின்னும் சாமான் வேறில்லை. வேளாண்மை வெட்டு முடிந்து வயல்வட்டையிலிருந்து வந்த மூட்டைகளைக் கூரைவரை அடுக்கி, நடுவில் ட்ரம்ஸுக்கு மட்டும் ஒரு இடைவெளி விட்டோம். முதல் ஐந்து பாட்டும் கச்சிதமாக வந்தன. (நெல்லுப் பூச்சி கிற்றாருக்குள் குடியேறியது வேறு விடயம்.) ஆறாவது பாட்டைத் தொடங்கப் போகும் நேரம் பார்த்து நெல் விலை ஏறியது. அப்பா லொறியைக் கூப்பிட்டுவிட்டார். "பாட்டு முடியட்டும் அப்பா" என்றேன். "பாட்டுக்கு விலை இறங்காது, நெல்லுக்கு இறங்கும்" என்றார். மிச்ச நாலு பாட்டையும் வெறும் சீமெந்துச் சுவர்களுக்கு நடுவே பதிந்தோம். ஆகவே எங்கள் அல்பத்தைக் கேட்பவர்களுக்கு, ஒரு குழு அறைக்குள் இருந்து பாடுவதும் பாதி வழியில் அப்படியே கிணற்றுக்குள் விழுந்துவிட்டதும் தெளிவாக விளங்கும். நாங்கள் அதைத் தனிமையை நோக்கிய பயணம் என்று சொல்லிச் சமாளித்தோம். அல்பத்தின் பெயர் 'சேறு'.

போஸ்டர் விடயத்தில்தான் என் மூளை முழு வேகத்தில் வேலை செய்தது. நிறம் கூடாது, கறுப்பு வெள்ளைதான். சிரிக்கக் கூடாது. நாலு முகம், கீழே நாலு பெயர், திகதி, நேரம், மண்டபம். ஒரு மூலையில் மிகச் சின்னதாக 'சேறு'. "வருக வருகண்டு ஒண்டும் போடல்லயா தம்பி?" என்று அச்சகத்து அண்ணன் கேட்டார். அதெல்லாம் கல்யாண வீட்டுக்காரர் வேலை என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு இடம் வெறுமையாகக் கிடக்கிறதே என்று, தன் பங்குக்குச் சுற்றிவர ஒரு தடித்த கறுப்புக் கரை போட்டுக் கொடுத்தார். எனக்கு அது மிகவும் பிடித்துப்போய்விட்டது.

அறிவித்தலுக்கு ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊரைச் சுற்றும் ஒருவரைப் பிடித்தோம். மாவட்டத்திலேயே கனமான குரல் அவருடையதுதான். எந்த ஊரில் யார் செத்தாலும் அந்தக் குரல்தான் வீதி வீதியாகச் சொல்லிக்கொண்டு போகும். "சந்தோசமாச் சொல்லட்டா?" என்று அவர் கேட்டார். "வேணாம் அண்ணன், நீங்க வழக்கமாச் சொல்றமாதிரியே சொல்லுங்க" என்றேன். பின்னணிக்கு எங்கள் அல்பத்திலேயே மிக மெதுவான பாட்டைக் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு பெயருக்கும் ஊரைச் சேர்த்து, நிறுத்தி நிறுத்தி வாசித்து, நேரத்தையும் மண்டபத்தையும் சொல்லி, கடைசியாகத்தான் 'சேறு' பாடல் வெளியீடு என்பார். அதற்குள் ஓட்டோ அடுத்த ஒழுங்கைக்குப் போய்விடும்.

அச்சகத்தில் கரண்ட் இல்லாததால் போஸ்டர் பிந்தி, வெளியீட்டு நாள் காலையில்தான் சுவர்களில் ஏறியது. ஓட்டோவும் அதே காலையில் கிளம்பியது. எங்கள் ஊரில் சுவரில் வரிசையாக நாலு இளைஞர்களின் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்தால் பெரியவர்கள் முதலில் தேடுவது செத்த திகதியைத்தான். அவர்கள் அப்படி நிறையப் படங்களைப் பார்த்துவிட்டவர்கள். நாங்கள் யுத்தமெல்லாம் ஓய்ந்த பிறகு வளர்ந்தவர்கள். எங்களுக்கு அது ஸ்டைல்.

அன்று காலை சாப்பிட்டுவிட்டு மண்டபத்துக்குள் போனோம். நிகழ்ச்சிக்கு முன் கலைஞன் தொலைபேசியைத் தொடக் கூடாது என்று எங்கோ வாசித்திருந்தேன். நாலு தொலைபேசியையும் அணைத்து ஒரு பையில் போட்டேன்.

அந்த நேரத்தில் வீட்டில் நடந்ததை அம்மா பிறகு ஆயிரம் தடவை சொல்லிவிட்டாள். ஓட்டோ அறிவித்தலைக் கேட்ட பெரியம்மா பழுகாமத்திலிருந்து பஸ் ஏறி, படலையைத் திறக்கும்போதே ஒப்பாரியோடு வந்திருக்கிறாள். அம்மா நம்பவில்லை. "காலையில சோறு திண்டுட்டுத்தானே போனவன்" என்றாளாம். "காலையில திண்டவன் எத்தினை பேர் பொழுதுபடக்குள்ள போயிரிக்கான்" என்று பெரியம்மா சொன்னாளாம். எனக்கு எடுத்தால் தொலைபேசி வேலை செய்யவில்லை. இதற்கிடையில் ஊர் மரண உதவிச் சங்கத்துக்காரர் யாரும் கேட்காமலேயே பந்தல், கதிரை, வெள்ளைக்கொடி எல்லாவற்றையும் டிராக்டர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். சவம் மண்டபத்தில் இருக்கிறது, நாலு மணிக்கு எடுக்கிறார்கள் என்று யாரோ உறுதியாகச் சொல்ல, அம்மாவையும் அதே பெட்டியில் ஏற்றிக்கொண்டு டிராக்டர் வலையிறவுப் பாலத்தைத் தாண்டியது.

நாலு மணிக்கு நான் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன். மண்டபம் நிறைந்து வழிந்தது. கதிரை போதாமல் யாரோ வெளியிலிருந்து கதிரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் வெள்ளை உடுத்திருந்தார்கள். எங்கள் போஸ்டரின் நிறத்துக்கு மதிப்புக் கொடுத்து வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். (ஆம், அப்படித்தான் நினைத்தேன்.)

"பாத்தியா மச்சான், சனத்த. இனி உன்ன ஆரும் கொண்டுபோக ஏலாது" என்றேன் றிபாஸிடம்.

அவன் எட்டிப் பார்த்தான். "காக்கா முன்னுக்கே இரிக்கார் மச்சான். அழுறார்."

"இன்னும் பாட்டுத் தொடங்கல்லயே."

"அதுதான் எனக்கும் விளங்கல்ல" என்றான்.

திரையைத் திறந்து முதல் அடியை அடித்தோம். பெரியம்மா மயங்கி விழுந்தாள். அம்மா விழவில்லை, நேராக மேடைக்கு ஏறி வந்து, எல்லோர் முன்னாலும் எனக்குக் கன்னத்தில் ஒன்று போட்டாள். மைக் அதை நன்றாகப் பிடித்தது. றிபாஸின் உம்மா அடிக்கவில்லை. ட்ரம்ஸைச் சுற்றிப் போய், தடி பிடித்திருந்த அவன் கையை மணிக்கட்டோடு பிடித்துக்கொண்டு நின்றார். காக்கா கீழே நின்றபடி, "எங்கட ஆக்கள் மௌத்தானா சாவுப் போஸ்டர் அடிக்கிறல்லையே, இது என்ன கூத்தெண்டு பாக்கத்தான் வந்தன். ஆனா கடைத்தெருவில எல்லாரும் சொல்லக்குள்ள மனசு கேக்குமா?" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் உண்மையிலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

கலவரம் அடங்கியதும் சங்கத் தலைவர் எழுந்தார். "சரி, சனம் வந்திட்டு. கதிரையும் இறக்கியாச்சு. புள்ளையள் பாட்டுப் படிக்கிறத்தக் கேட்டுட்டே போவம்" என்றார். உம்மா கையை விட மாட்டேன் என்றதால் றிபாஸ் ஒற்றைக் கையால்தான் அடித்தான். சனம் சாவீட்டில் இருப்பதைப் போலவே இருந்தது. யாரும் கைதட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். பின்வரிசையில் வெற்றிலைத் தட்டம் சுற்றியது, சிலர் நெல் விலை கதைத்தார்கள். பிறகு ஒருவர் எழுந்தார், இன்னொருவர் எழுந்தார். சாவீட்டிலிருந்து போகிறவர்கள் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை, பேசாமல் எழுந்து போய்விடுவார்கள். அப்படித்தான் எல்லோரும் போனார்கள். ஒன்பதாவது பாட்டு முடிந்தபோது எதிரில் இருந்தவை கதிரைகள் மட்டும்தான். நல்லது கெட்டது என்று ஒருவர்கூட ஒரு சொல் சொல்லவில்லை. எல்லோரும் வீட்டுக்குப் போய்த் தலைமுழுகினார்களாம்.

அல்பம் இன்றும் இணையத்தில் இருக்கிறது. அதன் கீழே அன்றைக்கு யாரோ எழுதிய 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்ற கருத்தும் இருக்கிறது. விமர்சனம் என்று எங்களுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

மண்டபம் நிறைந்தது உண்மைதான் என்று காக்கா ஒப்புக்கொண்டார். ஆனால் முடிவைச் சொன்னது உம்மா. "இவன் எங்கயும் போகப்படா. கட்டாரும் வேணா, இந்தத் தகரம் தட்டுறதும் வேணா. என்ட கண்ணுக்கு முன்னால இரிக்கட்டும்." அந்தக் கையை உதறிவிட்டு வர எவனாலும் முடியாது. றிபாஸ் ஏறாவூரில் புடவைக் கடையில் உட்கார்ந்தான், இன்றும் அங்கேதான் இருக்கிறான். அவனை ஊரில் நிறுத்திவைக்க நான் பட்ட பாடெல்லாம் பலித்துவிட்டது. எனக்குத்தான் ட்ரம்ஸ்காரன் இல்லாமல் போனான். அந்தத் துக்கம் பல காலம் ஆறவில்லை.

சில நாட்களில் காக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். "ஆளொண்டு தாறண்டு கொம்பனிக்கு வாக்குக் குடுத்திட்டன். இப்ப தம்பிய விடமாட்டன் எண்டுறா உம்மா" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். எதிர்த்துப் பேச என்னிடம் குழுவும் இல்லை, பெயரும் இல்லை.

கட்டாரில் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டி, களைத்து, திரும்பி வந்து இப்போது அப்பாவின் களஞ்சியத்தைப் பார்க்கிறேன். கல்யாண வீடுகளில் யாராவது அம்மாவிடம், மகன் எப்படி வெளிநாடு போனவர் என்று கேட்காமல் இருப்பதில்லை. நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவதற்குள் அவள் ஆரம்பித்துவிடுவாள்.

"உசிரோட இரிக்கக்குள்ள போ போண்டு எத்தினை தரம் சொன்னன், கேட்டானா? செத்த பிறகுதான் போனவன்."