சுவரைக் காணாமல் அடித்தவள்

நான் ஒரு ஊரையே காணாமல் அடித்தவள். மந்திரமோ மாயமோ எதுவும் தெரியாது. சில டப்பா பெயின்ட்டும் ஒரு ஏணியும் போதுமானதாக இருந்தன. தங்கள் படம் நிஜம் போலவே இருக்கிறது என்று யாராவது சொல்ல மாட்டார்களா என வாழ்நாளெல்லாம் காத்திருக்கும் ஓவியர்கள் உண்டு. எனக்கு அந்தப் பாராட்டு ஒரே நாளில், நடுக்கடலில், மொத்தமாகக் கிடைத்தது. பெரும்பகுதி வசவாகக் கிடைத்தது என்பது வேறு விஷயம்.

நான் பிறந்தது அபிராமம் பக்கம், மிளகாயும் பருத்தியும் போடுகிற வீட்டில். கண்மாய் நிறைந்தாலே எங்களுக்கு அதுதான் சமுத்திரம். ஓவிய ஆசிரியையாக வேலை கிடைத்து, தொண்டிக்கும் திருப்பாலைக்குடிக்கும் நடுவிலுள்ள ஒரு சின்னக் கடற்கரை ஊருக்கு வந்து சேர்ந்தேன். கணவர் பாலுவும் இடமாற்றம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வருஷங்கள் ஓடின. பாதி ஊர்ப் பிள்ளைகளுக்கு யானை வரையக் கற்றுக்கொடுத்துவிட்டேன். ஆனாலும் மீன் கடையில் எனக்குப் பெயர், "அந்த வெளியூரு டீச்சர்". "வெளியூரு டீச்சருக்கு முள்ளு இல்லாததாப் பாத்துக் குடு" என்று அன்போடுதான் சொல்வார்கள். (எனக்கு முள் எடுத்துச் சாப்பிடத் தெரியாது என்பதும் உண்மைதான்.) இருந்தாலும் அந்த 'வெளியூரு' எனக்கு முள்ளைவிட அதிகமாகக் குத்தியது. இந்த ஊர்க்காரி என்று ஒரு தடவையாவது பெயர் வாங்கிவிட வேண்டும் என்று ஏங்கிக் கிடந்தேன்.

அப்போதுதான் ஊருக்குப் பிறந்த நாள் கொண்டாடுவது என்று முடிவானது. எத்தனையாவது பிறந்த நாள் என்பதில்தான் தகராறு. கோயில் கல்வெட்டை ஒருவர் காட்டினார். அதைவிடப் பழைய அடக்கத்தலம் தர்காவுக்குப் பின்னால் இருக்கிறது என்றார் இன்னொருவர். மீன் கமிஷன் கடைக்காரரோ, "கடலுக்கு என்ன வயசோ அதான் நம்ம ஊருக்கும்" என்று ஒரே போடாகப் போட்டார். கடைசியில் வயதே போடாமல் 'நம் ஊருக்குப் பிறந்த நாள்' என்று மட்டும் பேனர் அடித்தார்கள். கோலப் போட்டி, சிலம்பம், மீன்குழம்புப் போட்டி, வீட்டுக்கு வீடு வாங்கி வைத்த பழைய போட்டோக்கள் என்று மூன்று நாள் விழா. அந்த மூன்று நாளும் யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்தார்கள். கடைசி நாள் பாய்மரப் படகுப் போட்டி.

விழாக் குழுவில் என்னையும் சேர்த்தார்கள். இரண்டே இரண்டு யோசனைகள் சொன்னேன். இரண்டையும் எல்லோரும் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள். அதுதான் வினை.

முதல் யோசனை, படகுப் போட்டி பற்றியது. "பாரம்பரியம்னா முழுசாப் பாரம்பரியமா இருக்கணும். இஞ்சின் கூடாது, போன் கூடாது, ஜி.பி.எஸ். கூடாது. அந்தக் காலத்துல எப்படிப் போனாங்களோ அப்படித்தான் போகணும்" என்று மேசையைத் தட்டிப் பேசினேன். (அந்தக் காலத்தில் எப்படிப் போனார்கள் என்று எனக்குத் தெரியாது.)

இரண்டாவது, சுவர். கடற்கரையில் பழைய உப்புக் கிட்டங்கி ஒன்று இடிந்துபோய், ஒற்றைச் சுவர் மட்டும் நெடுநெடுவென்று நிற்கும். வருஷா வருஷம் படகுக்காரர்கள் கூடி அதற்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். கூரையில்லாத சுவருக்கு எதற்கு இத்தனை சீராட்டு என்று எனக்குப் புரிந்ததே இல்லை. ஒரு தடவை காசி அண்ணனிடம் கேட்டும் பார்த்தேன். எங்கள் தெருவிலேயே குடியிருப்பவர், சொந்தமாகப் படகு வைத்திருக்கிறார். "வெள்ளையா இருக்கணும்ல டீச்சர்" என்றார். பாவம், ரசனை இல்லாத மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சுவரில் ஓவியம் வரையட்டுமா என்று கேட்டேன். "தாராளமா வரைங்க" என்றார்கள். அந்தச் சுவர் பின்னாலிருக்கும் பனங்காட்டை மறைக்கிறது என்பதுதான் என் மனக்குறை. ஆகவே சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ அதையே சுவரின் மேல் வரைவது என்று தீர்மானித்தேன். அதே பனைகள், அதே வானம். கீழே ஓரமாக உப்பு வண்டிகளும் பழங்கால மனிதர்களும். தூர நின்று பார்த்தால் சுவர் நிற்பதே தெரியக் கூடாது! விழாவின் முதல் இரண்டு நாளும் கோலத்தையும் சிலம்பத்தையும் விட்டுவிட்டு ஏணி மேலேயே இருந்தேன். வானத்தின் நீலம் சரியாக வரும்வரை கலந்து கலந்து ஊற்றினேன். முடித்ததும் கறுப்புத் தார்ப்பாயால் மூடிவிட்டோம். மூன்றாம் நாள் சிறப்பு விருந்தினர் திறந்து வைப்பதாக ஏற்பாடு.

அந்த நேரத்தில் நான் கரையில் இருக்க முடியாது என்று ஆகிவிட்டது. போட்டிப் படகுகள் கடலுக்குள் நங்கூரம் போட்டு நிற்கும் ஒரு படகைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். அந்தப் படகு காசி அண்ணனுடையது. அதில் கொடியோடு குழு ஆள் ஒருவர் இருக்க வேண்டும். "சட்டம் போட்டவுகளே வந்து பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டார் அவர். கூடவே, "டீச்சர், கடல்ல இருந்து ஊரப் பாத்திருக்கீகளா?" என்று வேறு கேட்டார். பார்த்ததில்லை. கடலிலிருந்து என் ஓவியத்தைப் பார்க்கும் முதல் ஆள் நானாக இருப்பேன் என்ற ஆசையில் ஏறிவிட்டேன்.

முதல் அரை மணி நேரத்தைப் பற்றிப் பேச வேண்டாம். காலையில் தின்ற நாலு இட்லியும் கடலுக்குப் போய்ச் சேர்ந்தன.

அதற்குப் பிறகு நிமிர்ந்து பார்த்தேன். எத்தனையோ வருஷம் ஜன்னல் வழியாகப் பார்த்து 'நீலம்' என்று ஒரே வார்த்தையில் முடித்து வைத்திருந்த கடல் அது. பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். கிட்டே போனால் அதில் கிளிப்பச்சை இருந்தது, பாசிப்பச்சை இருந்தது, வெயில் பட்ட இடத்தில் பெயரே இல்லாத ஒரு நிறம் இருந்தது. என் சட்டப்படி எங்கள் படகிலும் இஞ்சினும் போனும் இல்லை, பாய்தான்; அதனால் தண்ணீர் பலகையைத் தடவுவது கேட்டது. ஊர் ஒரு மெல்லிய கோடாகிவிட்டது. அந்தக் கோட்டுக்குள்தான் என் பள்ளிக்கூடமும் வீடும் என் மனத்தாங்கல்களும் இருக்கின்றன என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அப்புறம் பாய்கள் வந்தன. ஒன்பது படகுகள், காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு வந்தன. படகு கவிழாமலிருக்கக் குறுக்கே ஒரு பலகை நீட்டியிருக்கிறார்கள். அதன் நுனியில் ஆட்கள் ஏறி, முதுகு அலையைத் தொடுகிற அளவுக்கு வெளியே சாய்கிறார்கள். காற்று குறைந்தால் உள்ளே ஓடி வருகிறார்கள், ஏறினால் மறுபடி ஓடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் நைனா முகமதுவின் படகு. சுற்றுவட்டாரப் போட்டிகளில் பல வருஷமாக இரண்டாவதாகவே வந்துகொண்டிருந்த மனிதர். என் தலைக்கு மேலே அவருடைய பாய் படபடவென்று அடித்துத் திரும்பியபோது நான் கொடியை ஆட்டவே மறந்து, வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"டீச்சர், கொடி! கொடி!" என்று காசி அண்ணன் கத்தினார்.

எல்லோரும் திரும்பிய பின் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு நாங்களும் பின்னாலேயே போனோம். கரை கொஞ்சம் தெளிவாகத் தெரிகிற தூரத்தில், முன்னால் போன படகுகளெல்லாம் வேகம் குறைந்து நிற்பது தெரிந்தது.

"ஏலே நைனா! என்னலே?" என்று காசி அண்ணன் கூவினார்.

"மினாரா தெரியுது மச்சான்! செவத்தக் காணோம்!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. காசி அண்ணன் கரையைப் பார்த்தபடியே அவசரமாகச் சொன்னார். கரைக்கு முன்னால் தண்ணீருக்கடியில் நீளமாகப் பாறை கிடக்கிறது. நடுவில் ஒரே ஒரு வாசல். வெள்ளைச் சுவரும் அதற்குப் பின்னால் தெரியும் பள்ளிவாசல் மினாராவும் ஒரே கோட்டில் வந்தால் வாசல் நேரே இருக்கிறது என்று அர்த்தம். போன் வந்த பிறகும், பழகிய கண் சுவரைத்தான் தேடும். போகும்போது தார்ப்பாய் கறுப்பாகத் தெரிந்ததால் கவலையில்லை.

"தார்ப்பாய எடுத்திருப்பாங்கண்ணே" என்றேன், மெதுவாக.

"எடுத்தா வெள்ளையால்ல தெரியணும்?"

"வெள்ளை இல்லண்ணே. நான்தான் பெயின்ட் அடிச்சிட்டேனே."

"அது ஊர்ப் பக்கந்தான?"

"இல்லண்ணே. கடல் பக்கம்."

அவர் துடுப்பிலிருந்து கையை எடுத்தார். "என்ன படம்?"

"பின்னாடி இருக்கிற பனையும் வானமும். அப்படியே."

"அதாவது, செவரே இல்லாத மாதிரி."

"ஆமாண்ணே."

காசி அண்ணன் கரையை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார். "அப்ப நல்லாத்தான் போட்டுருக்கீக" என்றார்.

அதற்குப் பிறகு படகுக்குப் படகு செய்தி போனது. என் காதில் விழுந்தவற்றில் அச்சில் ஏற்றக்கூடியது எதுவுமில்லை. ஆனால் அன்றைக்கு நான் கண்ட பெரிய அதிசயம் அதற்கு அடுத்ததுதான். நைனா பாயை இறக்கிவிட்டார். குருட்டாம்போக்கில் நுழைந்திருந்தால் அவர் ஒருவேளை தப்பித்துக் கரையேறி முதல் பரிசை வாங்கியிருப்பார். அவரை நம்பிப் பின்னால் வருகிறவன் பாறையில் ஏறியிருப்பான். கடைசிப் படகு வந்து சேரும்வரை அவர் காத்திருந்தார். மற்றவர்களும் காத்திருந்தார்கள். போட்டி என்ற ஒன்று நடந்த சுவடே இல்லாமல், எல்லாப் படகும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெற்கே திரும்பி, பாறையில்லாத அடுத்த ஊர்க் கரைக்குப் போயின. என்னால் தோற்றுப்போன அந்த மனிதரை எப்படி நிமிர்ந்து பார்ப்பேன் என்று நான் படகின் மூலையில் சுருண்டு உட்கார்ந்திருந்தேன்.

கரையில் நடந்ததைப் பாலு சொல்லித்தான் தெரியும். சிறப்பு விருந்தினர் திரையைத் திறந்து, மைக்கில், "ஆகா! சுவர் இருக்கும் இடமே தெரியவில்லையே!" என்று புகழ்ந்திருக்கிறார். கூட்டம் கைதட்டியிருக்கிறது. பிறகு எல்லோரும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். படகுகள் தெரிந்தன, நின்றன, பிறகு வரிசையாகப் பக்கத்து ஊருக்குப் போயே போய்விட்டன. வென்றவருக்கு வைத்திருந்த பொன்னாடையை என்ன செய்வதென்று தெரியாமல், ஓவியரின் கணவர் என்று பாலுவுக்குப் போர்த்திவிட்டுப் போனாராம் விருந்தினர். பக்கத்து ஊர்க்காரர்களோ எங்கள் படகுகளையெல்லாம் பார்த்துவிட்டு, மரியாதை செய்ய வந்திருக்கிறோம் என்று நினைத்து மேளம் கொட்டி, நன்னாரி சர்பத் கொடுத்தார்கள். எங்கள் ஊர்ப் பிறந்த நாளுக்கு நல்லபடியாக நடந்த வரவேற்பு அது ஒன்றுதான்.

மீன் ஏற்றும் வேனில் ஊர் திரும்பும்போது நைனா என் எதிரில் உட்கார்ந்திருந்தார். "டீச்சர், திருப்பத்துல நான்தான மொதல்ல வந்தேன்? நீங்க பாத்தீகள்ல?" என்று கேட்டார்.

"பார்த்தேண்ணே."

"அத மைக்குல சொல்லுங்க. போதும்."

இறங்கியதும் நேரே மேடைக்குப் போனேன். வாந்தி பட்ட சேலையோடு, ஊர் முழுக்கப் பார்க்க, முதலில் வந்தவர் நைனா முகமதுதான் என்றும், சுவரைக் காணாமல் அடித்தது நான்தான் என்றும் சொன்னேன். கூட்டத்தில் எங்கிருந்தோ ஒரு பெண் சிரித்தாள். அது பரவி, பந்தலே அதிர்கிற மாதிரி ஊர் சிரித்தது. நானும் அழுதுகொண்டே சிரித்தேன். மறுநாள் காலை என் வானத்தின் மீதும் பனைகளின் மீதும் நானே சுண்ணாம்பு அடித்தேன்.

இன்று எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் சும்மா தொலைவதில்லை. சாவி காணோம், கண்ணாடி காணோம் என்றால் பாலு உடனே, "அதையும் வரைஞ்சிட்டியா?" என்பார். என் மகள் கணக்குப் பாடத்தில் மதிப்பெண் குறைந்த அன்று, "அம்மா, கொஞ்சம் பெயின்ட் இருக்கா?" என்று விடைத்தாளோடு வந்து நின்றாள்.

போன மாதம் எங்கள் அய்யா ஊரிலிருந்து முதல் தடவையாகத் தனியாக வந்தார். விலாசம் எழுதிய சீட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாராம். வாசலில் ஆட்டோ நின்றது. இறங்கும்போதே அய்யாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ட்ராயிங் டீச்சர் வீடுன்னேன். செவத்தக் காணாம அடிச்சவுகளான்னு கேட்டு ஏத்திக்கிட்டான். ஏம்மா, முப்பது படகு வழி தப்புச்சாமே?"

"ஒன்பதுதான் அய்யா!" என்றேன். "வேற என்ன சொன்னான்?"

"சிரிச்சுச் சிரிச்சுத்தான் சொன்னான். நான் ஒன் அப்பன்னு தெரியாது அவனுக்கு. அந்தப் புள்ளைக்கு எங்கிட்டு, எந்த ஊருன்னு சும்மா கேட்டுப் பாத்தேன். 'எங்கிட்டுமில்ல பெரியவரே, எங்க ஊருதான்'னுட்டான்."

அய்யாவை உள்ளே கூப்பிடக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.