மாப்பிள்ளை சொன்ன வயிற்றுப் பயிற்சி

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. என் கழுத்து அதற்குச் சம்மதிக்கவில்லை. அதை விட்டுவிட்டால் மற்றவர்கள் நலம். நீங்களும் என் மகளும் சுகமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இப்போதும் மாற்றுக் கருத்து கிடையாது.

போன முறை வந்தபோது, சாப்பிட உட்கார்ந்த என்னைப் பார்த்து, "மாமா, வயிறு கொஞ்சம் முன்னாடி வந்திருக்கு, கவனிங்க" என்றீர்கள். மாப்பிள்ளை என்பதால் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்பைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, ஊர் போய்ச் சேர்ந்த கையோடு போனில் பேசி அனுப்பினீர்கள்: மல்லாந்து படுக்கணும், முழங்காலை மடக்கணும், பாதம் எழும்பக் கூடாது, இடுப்பு தரையோட ஒட்டணும், தோள்பட்டை மட்டும் எழுந்தா போதும். ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து ஓய்வு பெற்றவன் நான். சொன்னது பிசகாமல் செய்வது என் பழக்கம். ஆனால் தலையைத் தூக்கினால் பாதமும் கூடவே கிளம்பிவிடுகிறது. உங்கள் அத்தையைப் பாதத்தின் மேல் உட்காரச் சொன்னேன். டிவி பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள். நான் பாதி எழும்பிய நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கியது. அவள் எழுந்து ஓட, என் பின்மண்டை தரையில் மோதியது. "பாலுக்கு ஒண்ணும் ஆகலை" என்று சமையலறையிலிருந்து ஆறுதல் சொன்னாள்.

மறுநாள் அவள் கடைக்குப் போன சமயம், மனிதர்களை நம்புவதை விட்டு, பாதங்களைப் பீரோவுக்கு அடியில் செருகிக்கொண்டேன். கையைக் கோத்துப் பிடரியைப் பிடித்து ஒரே இழு. நான் எழுந்தேன். பீரோவும் கொஞ்சம் எழுந்தது. அது திரும்ப உட்கார்ந்தபோது என் பாதங்கள் உள்ளே மாட்டிக்கொண்டன. கழுத்தில் ஏதோ 'கடக்' என்றது. மூச்சை ஊதி ஊதி விட்டபடி கிடந்தேன். மோட்டார் போட்டாயிற்றா என்று கேட்க வந்த மாடி வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், ஒரு வார்த்தை கேட்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். "கால்தான் மாட்டியிருக்கு சார்" என்றேன். "பேசாதீங்க, இதயத்துக்கு ஆகாது" என்று என் வாயைப் பொத்தினார்.

ஆம்புலன்ஸ் டிரைவரும் நர்ஸம்மாவும் வந்து பீரோவைத் தூக்கி, என் கழுத்துக்குப் பட்டை போட்டு, நாற்காலியில் உட்கார வைத்தார்கள். விவகாரம் அதோடு முடிந்திருக்கலாம். நர்ஸம்மா விடவில்லை. "காலை இப்படி மாட்டிக்கிட்டா தொடைதான் ஐயா வேலை செய்யும், வயிறு சும்மா வேடிக்கை பார்க்கும். கழுத்தை யாரு இழுக்கச் சொன்னா? கை காதுப் பக்கம் சும்மா இருக்கணும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவுல எலுமிச்சம்பழம் அளவுக்கு இடைவெளி வேணும்" என்று சொல்லி, கூடத்து நடுவில் படுத்துச் செய்தே காட்டினார். "முழங்கால் இன்னும் மடங்கணும் சிஸ்டர்" என்று டிரைவர் திருத்தினார். மாடி வீட்டுக்காரரும் பக்கத்தில் படுத்துக்கொண்டார். உங்கள் அத்தை காய்கறிப் பையோடு உள்ளே வந்தாள். "இதுல யாருக்கு உடம்பு சரியில்லை?" என்றாள்.

அன்றிலிருந்து தெருவில் ஒருவரும் என் கழுத்து எப்படி இருக்கிறது என்று விசாரிப்பதில்லை. மளிகைக்கடைக்காரர் பத்துப் பேர் முன்னால், "இடுப்பு தரையில ஒட்டுதா சார்?" என்கிறார். இந்தக் கேள்வியை நடுக்கடையில் கேட்கும்படி என்னை ஆக்கியது யார் என்று சொல்லி உறவைக் கெடுத்துக்கொள்ள நான் விரும்பவில்லை. திட்டவட்டமாக ஒன்று தெரிவிக்கிறேன். இனி நான் படுப்பது தூங்குவதற்கு மட்டுமே. இந்த வயிறு நான் சொந்தமாக வளர்த்தது. அதைப் பற்றி எந்த அறிவுரையும் இனி வேண்டாம்.

நீங்களும் என் மகளும் நோய்நொடி அண்டாமல், வயிறாரச் சாப்பிட்டு, நீண்ட காலம் வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
தற்சமயம் இடப்பக்கம் மட்டும் பார்க்கக்கூடிய,
உங்கள் மாமனார்.

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். இன்று காலை மாடி வீட்டுக்காரர் பாயோடு வந்துவிட்டார். பின்னாலேயே எதிர்வீட்டுத் தம்பதி. நாற்காலியில் இருந்தபடி பார்த்தேன். ஒருத்தர் படுப்பதும் சரியில்லை. பொறுக்க முடியாமல் நாலு திருத்தம் சொன்னேன். "நாளைக்கும் வரலாமா மாஸ்டர்?" என்கிறார்கள். மாடி வீட்டுக்காரருக்கு விலாப்பக்கம் சதை அதிகம். அதற்கு என்ன பயிற்சி என்று உடனே போனில் பேசி அனுப்பவும். நீங்கள் சொன்னது என்று நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை.