பன்னிரண்டு விசில்

குக்கர் ஒரு கூவு கூவியது. அடுப்படிப் பக்கம் திரும்பாமலே, சின்ன வெங்காயத் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு லேப்டாப்பை இழுத்துக்கொண்டான் தேவநாதன். உரித்தது நாலு. கிடந்தது நாற்பது.

பதினாறு வருஷமாகச் செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் ராத்திரி ஷிப்ட். பகலில் மனுஷ முகம் பார்க்கவேண்டும் என்பதுதான் அவன் ஆசை. சிதம்பரத்தில் ஒரு சர்வே ஆபீஸ் பகல் வேலைக்குச் சோதனை வைத்திருந்தது. 'உங்கள் வீட்டு வேலையை யார் செய்கிறார்கள்?' என்று ஃபேஸ்புக்கில் விளம்பரம் போட்டுக் கேட்டிருந்தார்கள். பதில் சொன்னால் ரீசார்ஜ் இலவசம். அதற்காக ஒரே ஆள் பல பேரில் பதில் போடுவதும் உண்டு. அந்தப் போலிகளைப் பிடித்துக் கொடுத்தால் வேலை உறுதி.

"சுந்தரி, மாட்டிக்கிச்சு. பதினோரு பொம்பளைங்க, ஒரே இன்டர்நெட் கனெக்‌ஷன். எல்லாம் புதன்கெழமை ரெண்டு மணிக்கு மேல. ஒருத்தியே பதினோரு வேஷம் கட்டியிருக்கா."

"எப்புடி சொல்றீங்க மாமா?"

"எல்லாப் புருஷனும் ஈரத் துண்டைக் கட்டில்ல போடுறானாம். ஊர்ல அத்தினி பேருமா போடுவான்?"

அவன் மனைவி கல்யாணசுந்தரி கட்டிலைப் பார்த்தாள். துண்டு இருந்தது.

"ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. துவரம்பருப்புக்கு எத்தினி விசில் விடுவீங்கன்னு. சமைக்கிறவங்களுக்குத்தான் தெரியும்."

பதினோரு பேர் சங்கதியோடு, அந்தக் கேள்வியையும் தன் சொந்த மூளையில் உதித்ததாகவே சர்வே ஆபீஸ் வித்யாலட்சுமி மேடத்துக்கு அனுப்பினான். மேடம் பூரித்துப்போய், பதில் போட்ட அத்தனை பேருக்கும் வாட்ஸப்பில் கேள்வியைத் தட்டிவிட்டார்.

தேவநாதனின் இன்னொரு போனிலும் அது வந்து விழுந்தது. அங்கேதான் வினை. ஆண்குலத்தின் மானம் கப்பலேறுவதைப் பொறுக்காமல், அன்று காலை அவனே 'குறிஞ்சிப்பாடி சாமிக்கண்ணு' என்று ஒரு பதில் போட்டிருந்தான். தினமும் பருப்பு வேகவைப்பது நான்தான் என்று.

"ஆமா, நம்ம வீட்ல எத்தினி விசில்? சும்மாத்தான் கேக்குறேன்."

அவள் கறிவேப்பிலை உருவிக்கொண்டே அந்த இரண்டாவது போனைப் பார்த்தாள்.

"பன்னெண்டு."

சாமிக்கண்ணு பன்னிரண்டு என்று அனுப்பினான்.

அரை மணியில் மேடம் அழைத்தார். பாராட்டு அடுப்படிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"தேவநாதன், அந்தப் பதினோரு பேரும் அசல். ஒருத்தர் மூணு விசில். ஒருத்தருக்கு கேஸ்கட் லூசாம், அஞ்சு. ஒருத்தர் ஊறவெச்சு ரெண்டு. ஒரே ஆளுன்னா இப்படி வராது. போலி ஒண்ணே ஒண்ணு, குறிஞ்சிப்பாடிக்காரர். பன்னெண்டு விசிலாம். அது பருப்பா, போஸ்டர் ஒட்டுற பசையா? அவரும் அதே கனெக்‌ஷன். அதைவிட, இந்தக் கேள்வியை நீங்க அனுப்பினதும் அதே கனெக்‌ஷன்."

தேவநாதன் ஸ்பீக்கரை அணைக்கும் பட்டனைத் தேடினான்.

"புதன்கெழமை மகளிர் குழு எங்க வீட்லதாங்க மேடம் கூடும்," என்றாள் சுந்தரி, போன் பக்கம் குனிந்து. "அவுங்களுக்கு வைஃபை குடுத்தது நான்தான். இவுரு ராத்திரி ஷிப்ட் முடிச்சு வந்து அந்நேரம் குறட்டையில இருப்பாரு. விசில் கேள்வியும் நான் சொன்னதுதாங்க."

"அப்ப அந்தச் சாமிக்கண்ணு?"

"அவுரு இங்க வெங்காயம் உரிச்சிக்கிட்டிருக்காருங்க."

திங்கட்கிழமையிலிருந்து சிதம்பரத்தில் பகல் வேலை உறுதியானது. கல்யாணசுந்தரிக்கு.

"அடுப்புல பருப்பு ஏத்திருக்கேன். மூணாவதுல எறக்கிடுங்க மாமா," என்று சொல்லிவிட்டு, குழுவுக்குச் செய்தி சொல்லப் போனாள்.

தேவநாதன் தட்டை இழுத்துவைத்து ஐந்தாவது வெங்காயத்தை எடுத்தான். குக்கர் கூவியது.

ஒண்ணு, என்று எண்ணினான்.