கோடாரி கேட்ட கரடி

“மாவரைக்கச் சொன்னா மணிக்கட்டு வலிக்குதுங்கற. அந்தப் பொட்டியைப் பிடிச்சு மணிக்கணக்கா அமுக்கும்போது அந்த மணிக்கட்டு எங்கே போகுது?”

ஒரு காட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு ஆண் கரடி தன் மனைவியைக் கேட்ட கேள்வி இது. ஒரு எழுத்துக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஆண் கரடியின் பெயர் தேவசகாயம். புற்று இலாகாவில் மேற்பார்வையாளர். அதாவது, மற்றக் கரடிகள் புற்றைத் தோண்டும்போது பக்கத்தில் நின்று “இன்னும் கொஞ்சம் ஆழமா” என்று சொல்கிற உத்தியோகம்.

“எங்கேயும் போகலைங்க, இதே மணிக்கட்டுதான்,” என்றது மனைவி நவமணி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “மாவு அரைச்சா யாரும் பாயிண்ட் தர்றதில்லை.”

பொட்டி என்று தேவசகாயம் சொன்னது, வீட்டுக் குட்டி விளையாடித் தீர்த்த வீடியோ கேமை. குட்டி வளர்ந்து வேறு காட்டில் வேலைக்குப் போய்விட்டது. பரணைச் சுத்தம் பண்ணும்போது பொட்டி அகப்பட்டது. ஃபோனில் கேட்டால், “தூக்கிப் போட்டுடும்மா” என்றது குட்டி. போடுவதற்கு முன்னால் ஓடுகிறதா என்று பார்ப்போமே என்று நவமணி அதை டிவியில் மாட்டியது. அவ்வளவுதான்.

வெள்ளைக் கொக்கு சிஸ்டர்கள் நடத்திய கான்வென்ட்டில் படித்த காலத்தில், மயில் வீட்டு ரோஸ்லினின் அப்பா வெளிநாட்டுக் காட்டிலிருந்து கொண்டுவந்த மெஷினில் நவமணி ஆடியிருக்கிறது. சுவரேறிக் குதிப்பது, பூதத்தை வெட்டுவது எல்லாம் அத்துப்படி. அப்புறம் கல்யாணம், குட்டி, மாவு. ஆனால் விரல்கள் எதையும் மறக்கவில்லை. விரல்களுக்கு யாரும் கல்யாணம் பண்ணி வைக்கவில்லையே.

தனியாக ஆடி அலுத்து, இணையத்தில் கூட்டாளி தேடியது. முதலில் வாய்த்தவை பள்ளிக்கூடக் குரங்குகள். நவமணியின் குரலைக் கேட்ட மாத்திரத்தில், “ஆன்ட்டி, அடுப்பை அணைச்சுட்டு வந்தீங்களா?” என்றது ஒன்று. “உங்க பையன் இல்லையா ஆன்ட்டி?” என்றது இன்னொன்று. அவை வளர்ந்த விதத்தைப் பற்றி நவமணி ஆங்கிலத்தில் நாலு வார்த்தை சொல்லிவிட்டு வெளியே வந்தது. கான்வென்ட் ஆங்கிலத்தில் திட்டினால் வாங்கியவர் நன்றி சொல்வார். குரங்குகளும் சொல்லின.

பிறகுதான் அந்த அறிவிப்பு கண்ணில் பட்டது. ‘குட்டிகள் வளர்ந்துவிட்ட விலங்குகளுக்கான விளையாட்டுக் குழு. ஒத்த மனது உள்ளவர்கள் வரவும். கெட்ட வார்த்தை கிடையாது. ஆண், பெண் பேதம் கிடையாது.’

குழுவில் மூன்று பேர் இருந்தார்கள். அட்மின் குருபாதம் என்கிற முள்ளம்பன்றி. ஒரு காட்டெருமை. ஒரு வரையாடு.

“வாங்க சிஸ்டர், வாங்க,” என்றது குருபாதம். சிஸ்டர் என்றாலே நவமணிக்குக் கொக்கும் பிரம்பும்தான் ஞாபகம் வரும். பொறுத்துக்கொண்டது.

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் முதலைப் பூதத்தோட கோட்டைக்குப் போவோம். நீங்க எதுல கெட்டி?”

“கோடாரி.”

மைக்கில் குருபாதம் தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

“கோடாரிக்கு எருமையண்ணன் இருக்காரு. நீங்க பின்னாடி நின்னு மருந்து கொடுங்க. ரொம்பப் பொறுப்பான வேலை சிஸ்டர். நீங்க இல்லைன்னா நாங்களே இல்லை.”

இந்த வசனத்தை நவமணி ஏற்கெனவே கேட்டிருக்கிறது. மாமியார் கரடி கரண்டியைக் கையில் கொடுத்த அன்று.

“லேடீஸ் கையால மருந்து கொடுத்தா அது தனி ராசி,” என்றது வரையாடு. பேதம் இல்லாத குழு.

வாராவாரம் நவமணி மருந்து கொடுத்தது. காயத்துக்குப் பச்சை பாட்டில், விஷத்துக்கு நீல பாட்டில். யாருக்கு எப்போது எது வேண்டும் என்று கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடும். அங்கேதான் தப்புச் செய்தது. கேட்கிற வேலை மிச்சமானவர்கள் நன்றி சொல்கிற வேலையையும் மிச்சம் பிடித்தார்கள். இத்தனை வாரத்தில் பூதத்தின் முகத்தை நவமணி ஒருதரம்கூடப் பார்க்கவில்லை. எருமையின் பின்புறம் மட்டும் மனப்பாடம்.

புருஷன் மணிக்கட்டைப் பற்றி விசாரித்த இந்த ஞாயிற்றுக்கிழமை, நவமணி ஒரு முடிவோடு உட்கார்ந்திருந்தது. ஒரே ஒரு தடவை முன்னால் நின்று வெட்ட வேண்டும். கடைசியில் புதையல் பெட்டி திறக்கும்போது உயிரோடு நிற்பவர் பெயர்தான் வெற்றிப் பலகையில் ஏறும். அங்கே தன் பெயர் ஏற வேண்டும்.

“இன்னிக்கு நான் முன்னாடி போறேன்,” என்றது மைக்கில்.

“அப்போ மருந்து?” என்றன மூன்றும் ஒன்றாக.

அதற்கும் ஏற்பாடு செய்திருந்தது. தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போனபோது தேவசகாயத்துக்குச் செய்துவிட்டுப் போன அதே ஏற்பாடு. கையிருப்பு மருந்தையெல்லாம் மூன்று பேர் பையிலும் பிரித்து வைத்திருந்தது. தனக்கென்று ஒன்றும் எடுத்து வைக்கவில்லை. பழக்கதோஷம்.

“பச்சை காயத்துக்கு, நீலம் விஷத்துக்கு. பையைத் திறந்தா முன்னாடியே இருக்கும். எடுத்துக் குடிக்க வேண்டியதுதான்.” பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, “ஏங்க, கஞ்சி ஹாட்பேக்ல இருக்கு, ஈசல் பொரி மூடி வெச்சிருக்கு, போட்டுக்கோங்க” என்று சொல்லிவிட்டுக் கோடாரியை எடுத்தது.

கோட்டைக் கதவு திறந்தது. பூதம் வந்தது. நவமணியின் முதல் வெட்டு வாலில் விழுந்தது.

“சிஸ்டர், பச்சை எங்கே இருக்கு?” என்றது எருமை.

“உங்க பையில.”

“பையில எங்கே?”

“திறந்தா முன்னாடி.”

“இல்லையே.”

“நகர்த்திப் பாருங்க.”

“எதை நகர்த்தணும்?” என்று கேட்டபடியே எருமை செத்தது.

“நீலத்தைக் குடிக்கணுமா, தடவணுமா சிஸ்டர்?” என்று கேட்டு, பதில் வருவதற்குள் வரையாடு செத்தது.

“ஹாட்பேக் எது?” என்றது அடுக்களையிலிருந்து தேவசகாயம்.

“சிவப்பு.”

“சிவப்பு ரெண்டு இருக்கே.”

குருபாதம் பையைத் திறக்கவே இல்லை. “நான் அட்மின், சிஸ்டர்” என்று கண்ணியமாகச் சொல்லிவிட்டுச் செத்தது.

நவமணி தனியாக நின்றது. பூதத்தின் முகம் இப்போதுதான் தெரிந்தது. அப்படியொன்றும் பயங்கரமாக இல்லை, சொத்துத் தகராறில் கோபித்துக்கொண்டு போன பெரியப்பா சாயல். ரோஸ்லின் வீட்டில் பழகிய அந்தப் பழைய குதியைக் குதித்து, நடு மண்டையில் ஒரே போடாகப் போட்டது. பூதம் சரிந்தது. சரிகிற சாக்கில் நவமணியை ஒரு கடி கடித்துவிட்டுச் சரிந்தது. விஷம் ஏற ஆரம்பித்தது. திரையின் ஓரத்தில் உயிர்க்கோடு குறைந்துகொண்டே வந்தது.

செத்தவர்கள் சற்று நேரத்தில் கோட்டை வாசலில் எழுந்து வரலாம் என்பது இந்த விளையாட்டின் விதி. மூன்றும் வந்தன. பைகளும் வந்தன, உள்ளே பாட்டில்கள் மூடி திறக்காமல்.

“அருமையா முடிச்சுட்டோம்,” என்றது எருமை.

“பூதத்து மேல கால் வெச்சு ஒரு படம் எடுத்துக்கலாம், பெட்டி திறக்க இன்னும் நேரமிருக்கு,” என்றது வரையாடு.

“கோடாரியை அண்ணன்கிட்ட கொடுத்துடுங்க சிஸ்டர். படத்துக்கு எடுப்பா இருக்கும்,” என்றது குருபாதம்.

நவமணி கொடுக்கவில்லை. உயிர்க்கோடு நகத்தளவுக்கு வந்திருந்தது. இப்போது செத்தால், எழுந்து வருவதற்குள் பெட்டி திறந்துவிடும்.

“யாராவது ஒரு நீல பாட்டில் கொடுங்க,” என்றது.

எந்தக் காலைத் தூக்கி வைப்பது என்று எருமை யோசித்துக்கொண்டிருந்தது. “கொஞ்சம் இடது பக்கம் அண்ணே,” என்றது வரையாடு. குருபாதம் முள்ளைச் சிலிர்த்து வாரிக்கொண்டது.

“நீல பாட்டில்,” என்றது நவமணி மறுபடியும். “பையைத் திறந்தா முன்னாடியே இருக்கு.”

நீதி: ஒத்த மனது உள்ளவர்களைத் தேடுங்கள், நிச்சயம் கிடைப்பார்கள். யாருடைய மனதோடு ஒத்தவர்கள் வேண்டும் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.