மரங்கொத்தியின் அலகுக்கு முத்திரை வைத்த கதை

ஒரு காட்டில் மரக்கிடங்கு ஒன்று இருந்தது. அதன் அதிகாரி பொறுமைநாதன் என்ற உடும்பு. அவர் பிடித்தால் விடமாட்டார், அதிலும் படிவம் என்றால் கேட்கவே வேண்டாம்.

அந்த வாரம் அடித்த காற்றில், அக்கரையில் முயல்குட்டிகள் படிக்கும் பள்ளிக்கூடத்தின் கூரை பறந்துபோயிற்று. புதுக் கூரைக்கான பலகைகள் கிடங்கில் அடுக்கித் தயாராக இருந்தன. சுமந்து போவதற்காக மாடக்கண்ணு என்ற யானை காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தது. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

ஆற்றுப் பாலமோ பழையது. யானையின் எடை போக, எண்ணூறு கிலோவுக்கு மேல் சுமை இருந்தால் தாங்காது. பலகைகளை நிறுத்துப் பார்க்கலாமென்றால் எடைமேடையின் ஒயரை எலிகள் தின்றுவிட்டிருந்தன.

"புது ஒயர் வர மூன்று மாதம் ஆகும். உட்காருங்கள்" என்றார் உடும்பு.

கிடங்கில் வேலை பார்த்த செங்கமலம் என்ற மரங்கொத்தி பறந்து வந்தது.

"ஐயா, நிறுக்காமலே எடை சொல்லிவிடலாம். அடுக்கை ஒரு தட்டுத் தட்டினால் அதிரும். கனம் கூடுதல் என்றால் மெதுவாக அதிரும், குறைவு என்றால் படபடவென்று அதிரும். என் காலுக்கு அது தெரியும். நூறு அடுக்கு தட்டிப் பார்த்துப் பழகியிருக்கிறேன்."

உடும்பு படிவத்தைப் புரட்டினார். "எடை பார்த்த கருவி எது என்று கேட்டிருக்கிறதே?"

"என் அலகுதான்."

"அதில் அரசு முத்திரை உண்டா?"

"இல்லை."

"முத்திரையில்லாத கருவியால் எடை பார்ப்பது குற்றம்" என்ற உடும்பு, அரக்கை உருக்கி, கொஞ்சம் ஆறவைத்து, செங்கமலத்தின் அலகைச் சுற்றி ஒட்டி முத்திரையைக் குத்தினார். "இனி தாராளமாகத் தட்டலாம்."

செங்கமலம் தட்டியது. அடுக்கு அதிர்ந்தது. விடை தெரிந்துவிட்டது. ஆனால் அரக்கு ஒட்டியிருந்ததால் சொல்ல வாயைத் திறக்க முடியவில்லை. யோசித்தது, பலகையில் நூறு கிலோவுக்கு ஒரு தட்டு வீதம் ஏழு முறை தட்டியது.

உடும்பு எழுதிக்கொண்டார். "எடை, ஏழு கிலோ."

"ஐயா, எழுநூறு என்கிறது" என்றது மாடக்கண்ணு.

"கருவி பேசும்போது யானை குறுக்கே பேசக் கூடாது. பத்து கிலோவுக்குக் குறைந்த சுமைக்கு யானை விரயம். அணிலைக் கூப்பிடுங்கள்."

வள்ளியம்மை என்ற அணில் வந்தது. அடுக்கை அண்ணாந்து பார்த்தது. அதற்குத் தலை சுற்றியது.

"அண்ணே, இதை நானா தூக்கணும்?"

"நீ கையெழுத்தைப் போடு, தங்கச்சி. எனக்குத்தான் இன்றைக்கு வேலை இல்லையே. சும்மா அக்கரை வரை நடந்துவிட்டு வருகிறேன்" என்றது யானை.

அணில் கையெழுத்துப் போட்டது. மாடக்கண்ணு அடுக்கைத் துதிக்கையால் வளைத்துத் தூக்கிக்கொண்டு பாலத்தில் கால் வைத்தது. பாலம் முனகியது. அணிலும் மரங்கொத்தியும் பின்னாலேயே மூச்சை அடக்கிக்கொண்டு போயின. பாலம் தாங்கியது. முதல் தூறல் விழும் முன்பே கூரை ஏறிவிட்டது. முயல்குட்டிகளுக்குத்தான் வருத்தம், மறுநாள் பள்ளிக்கூடம் உண்டு.

மாடக்கண்ணு துதிக்கை நுனியால் அரக்கை உடைத்துவிட்டது. செங்கமலம் முதல் வேலையாகச் சொன்னது: "எழுநூற்று இருபது."

விசாரணை வந்தது. முத்திரையை உடைத்ததற்காக மரங்கொத்திக்கு மெமோ. வேலை நேரத்தில் உலாவப் போனதற்காக யானைக்கு ஒரு நாள் விடுப்பு வெட்டு. தனியாளாகக் கூரையையே சுமந்து சேர்த்ததாகக் கோப்பில் இருந்ததால் வள்ளியம்மைக்குப் பதவி உயர்வு. இப்போது அது அந்தக் காட்டின் தலைமை யானை.

நீதி: வேலை நடக்க யானை வேண்டும், நடந்ததாக எழுத அணில் போதும்.